பெட்டிக்கு வாங்கிய கை

எங்கள் வீட்டில் அந்த வருஷம் முழுவதும் 'கை சரியில்லை' என்ற பேச்சு அடிக்கடி எழுந்தது. எழுப்பியவர் என் வீட்டுக்காரர். அவர் சொன்னது கிராமபோன் பெட்டியின் கையை. சுற்றும் தட்டின்மேல் முள்ளைத் தாங்கிக்கொண்டு போகுமே, அந்த இரும்புக் கை. நானும் அத்தையும் உடனே ஆமாம் போடுவோம். எந்தக் கை சரியில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று பேரும் பெட்டியை முறைத்துக்கொண்டு நிற்போம்.

அவர் பேச்சிப்பாறை அணையில் ஓவர்சியராக இருந்தவர். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வாரம் ஒருமுறை இறங்கி வருவார். ஒரு மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் பிடித்தது. கொயினா மாத்திரை தின்று காது அடைத்து, ஆள் பாதியாகித்தான் வந்து சேர்ந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது. வலது கையில் ஒரு நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. சும்மா இருக்கும்போது தெரியாது. சின்ன வேலை ஒன்றை நிதானமாகச் செய்யப் போனால் விரல்கள் தந்தியடிக்கும்.

பிறகு அவரை நாகர்கோவில் ஆபீசுக்கு மாற்றினார்கள். வடசேரியில் கரண்டு உள்ள ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவரும் அத்தையும் குடியிருந்தோம். அத்தை என்றால் அவருடைய அம்மா. பிள்ளைகள் அப்போது இல்லை. அவருடைய நடுக்கத்தை நாங்கள் மூவரும் சேர்ந்து வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தோம் என்றுதான் சொல்லவேண்டும். காப்பியை முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்றமாட்டேன். சட்டையைத் துவைத்து மடிக்கும்போதே மேல் பித்தானை மட்டும் விட்டு மற்றவற்றைப் போட்டு வைத்துவிடுவேன். அவர் தலைவழியாக மாட்டிக்கொள்வார். முகம் மழிக்க வீட்டுக்கே ஆள் வந்தார். அதற்கு அத்தை, "இப்ப பெரிய உத்தியோகஸ்தன் எல்லாம் அப்படித்தானே செய்யான்" என்று அக்கம்பக்கத்தில் ஒரு காரணமும் சொல்லி வைத்தாள்.

ஒளிக்க முடியாமல் போனது பெட்டியிடம்தான். அணைக்கட்டுக் குவார்ட்டர்சில் தனியாகக் கிடந்த காலத்தில் அவருக்கு வந்த பித்து அது. தேக்குப் பெட்டிக்குள் மோட்டார், மேலே சுற்றும் வட்டம், வலப்பக்கப் பின்மூலையில் முளைத்து முன்பக்கமாக நீண்ட கை. அதிலிருந்து ஒரு வயர் ரேடியோவின் முதுகுக்குப் போகும். பாட்டு ரேடியோ வழியாக வரும். தினமும் சாயங்காலம் இரண்டு தட்டு. முதலில் அத்தைக்காக ஒரு சாமிப் பாட்டு, அடுத்தது அவருக்காக நாகஸ்வரம். தோடி ஆலாபனைத் தட்டு ஒன்று வைத்திருந்தார். அதைக் கேட்கும்போது மட்டும் முகத்தின் இறுக்கம் தளரும், காய்ச்சலுக்கு முந்திய மனிதர் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கும். தோடி என்ன, ஒப்பாரி வைத்தால்கூடக் கேட்டிருப்பேன்.

அந்த இரும்புக் கையின் பாரம் இரண்டு கோழிமுட்டையின் பாரம் இருக்கும். அத்தனையும் முள்ளின் நுனியில் இறங்கும். தட்டு ஓடி முடிந்ததும் முள்ளின் மூக்கில் கண்மை போலக் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும். அது தட்டைச் சுரண்டிய தூள். "தோடியைத்தான் துடைச்சு எறியுகேன்" என்பார் அவர். தோடியின் பின்னால் எண்ணெய்ச் சட்டி கொதிப்பதுபோல ஓர் இரைச்சல் வரத் தொடங்கியிருந்தது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முள்ளை விளிம்பில் வைக்கப் போகும்போது விரல் தந்தியடிக்கும். கை நழுவித் தட்டின் குறுக்கே கிர்ரென்று இழுத்துக்கொண்டு போகும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "கை சரியில்ல" என்பார். நாங்கள் ஆமாம் என்போம்.

நீ வைத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அத்தைக்குக் கண்ணில் புரை, அவளால் ஆகாது. எனக்குக் கண்ணும் விரலும் நன்றாகவே இருந்தன. ஆனால் நான் பீச்சாங்கைக்காரி.

பள்ளிக்கூடத்தில் இடது கை முட்டியில் பிரம்பால் தட்டித் தட்டி எழுத்தை வலது கைக்கு மாற்றினார்கள். சோற்றை அம்மா மாற்றினாள். கொடுக்கல் வாங்கல், விளக்கேற்றல், திருநீறு எடுத்தல் எல்லாம் வலது கைக்குப் பழகிவிட்டது. நுணுக்கமான வேலை என்று வந்தால் மட்டும் இடது கைதான் முந்திக்கொள்ளும். ஊசியில் நூல் கோர்க்க, பூக் கட்ட, வெண்டைக்காய் அரிய. என்னைப் பெண் பார்க்க வந்தபோது காப்பித் தட்டை நான் எந்தக் கையால் நீட்டுகிறேன் என்று அம்மா கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். அன்றைக்குத் தப்பித்தேன். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் பிச்சிப்பூவை மடியில் கொட்டி ஆசையாகக் கட்ட உட்கார்ந்தபோது அகப்பட்டுக்கொண்டேன்.

அத்தை சத்தம் போடவில்லை. "பூ கட்டு, காய் அரி, என்னமும் செய். வெளக்குக்கும் உப்புக்கும் மட்டும் அந்தக் கை வரப்பிடாது, கேட்டியா" என்றாள். நான் தலையாட்டினேன். அப்போது பெட்டி இந்தக் கணக்கில் வரவில்லை. நாகர்கோவிலுக்கு வந்த பிறகு பெட்டியும் சாமி விளக்கும் ஒரே அறையில் இருக்க நேர்ந்தது. விளக்கேற்றியவுடன் சாமிப் பாட்டு என்பது முறையாகிவிட்டது. அதனால் முள் வைப்பதும் விளக்கேற்றுவதோடு சேர்ந்த காரியமாகி, அத்தையின் சட்டத்துக்குள் வந்துவிட்டது. வலது கையால் வைக்கலாம்தானே என்று ஒருமுறை முயன்று பார்த்தேன். இரவல் வாங்கி வந்த கை மாதிரி அது எங்கேயோ போய் விழுந்தது. சாமிப் பாட்டில் ஒரு வரி அதோடு போயிற்று. அதன்பின் நான் பெட்டியைத் துடைப்பதோடு சரி.

கடைசியில் ஒருநாள் அவர் சொன்னார். "திருவனந்தபுரத்துல ஒரு கடையில லண்டன் கை வந்திருக்காம். நல்லது ஒண்ணு எடுத்துப் போட்டிரணும். நீயும் வா, ஏட்டி. ஒனக்குக் காது நல்லது."

என் காது நல்லது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. எதற்குக் கூப்பிடுகிறார் என்று புரியாவிட்டாலும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தோடித் தட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஊர் திருவனந்தபுரத்தோடு இருக்க வேண்டுமா, மெட்ராஸோடு சேர வேண்டுமா என்று பஸ்ஸே இரண்டுபட்டுப் பேசிக்கொண்டு வந்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் நான் தட்டை உயர்த்திப் பிடித்தேன். அவர் சன்னல் வழியாக வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் பாதி தமிழும் பாதி மலையாளமும் பேசினார். மேசைமேல் மூன்று கைகளைக் கொண்டு வந்து வைத்தார். ஒன்று எங்களிடம் இருந்ததன் அண்ணன். தடியாக, நிக்கல் பூச்சோடு. இன்னொன்று நடுத்தரம், கறுப்பு ரப்பர் மாதிரி ஒரு சாமானில் செய்தது. அதை என் வீட்டுக்காரர் இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கழுத்தில் ஆட்டம் இருக்கிறது என்று தள்ளி வைத்தார். மூன்றாவது மெல்லிசான குழாய். பின்னால் பாரத்துக்கு ஒரு சின்ன உருளை, முன்னால் நகமளவு தலை, அதில் உருக்கு முள்ளுக்குப் பதிலாக நீலக்கல் முனை. தட்டின்மேல் அது போடுகிற பாரம் ஒரு வெள்ளி ரூபாயின் பாரம்தானாம்.

"நீலமா?" என்று கேட்டுவிட்டு அவர் என் பக்கம் குனிந்து, "அம்மைக்கிட்ட நீலம்னு சொல்லீராத. நீலம் எல்லாருக்கும் சேராதுன்னு சோசியரைக் கூட்டிட்டு வந்திருவா" என்றார்.

கடைக்காரரே எங்கள் தட்டைப் போட்டுக் காட்டினார். முதலில் தடிக் கை. அதே தோடி, அதே எண்ணெய்ச் சட்டி. பிறகு அந்த மெல்லிசுக் கை. நாகஸ்வரக்காரர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. ஒத்து ஊதுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரைச்சல் எங்கோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்ற கூச்சம்கூட இல்லாமல் தலையை ஆட்டினார். அந்த முகத்தைப் பார்த்தவுடன், இதைத்தான் வாங்க வேண்டும், வேறு பேச்சே இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"இனி சார் ஒண்ணு வச்சு நோக்கணும்" என்றார் கடைக்காரர். "பழைய கையின்னா போட்டாலும் உக்காரும். இது பாரமில்லாத கையாக்கும். பைய வைக்கணும்."

பைய என்பது எங்கள் ஊரில் மெதுவாக என்பது. என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டேன். விரல்கள் அந்த நகமளவு தலையைத் தொட்டதும் கை முழுவதும் நடுங்கியது. முள் விளிம்பில் தொட்டது, துள்ளியது, தட்டின்மேல் தவளை மாதிரி இரண்டு தாவு தாவி நடுவில் போய் விழுந்தது. ரேடியோ கீச்சிட்டது. கடைக்குள் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி முயன்றார். மறுபடியும் அதுதான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

கடைக்காரர் நல்ல மனுஷன். உடனே தடிக் கையைத் தூக்கி முன்னால் வைத்தார். "வீட்டுக்கு இது மதி, இது போதும், சாரே. பிள்ளைங்க தொட்டாலும் கேடு வராது."

என் வீட்டுக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தடிக் கையை வாங்கினால் அதை அவரே வைக்கலாம். நடுங்கினாலும் அது தாங்கும். ஆனால் தோடி இன்னும் ஒரு வருஷத்தில் முழுக்கத் தூளாகிவிடும். மெல்லிசை வாங்கினால் தோடி பிழைக்கும். ஆனால் தன் பெட்டியைத் தானே தொட முடியாதவர் ஆகிவிடுவார். அதையும் நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும். கோபம் வந்தது எனக்கு; யார் மேல் என்று தெரியவில்லை, அந்த மலைக்காய்ச்சல் மேலாக இருக்கும்.

"நான் வச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டபின்தான் கடை நிறைய ஆண்கள் இருப்பது உறைத்தது. பழக்க தோஷத்தில் மரியாதையாக வலது கையை நீட்டினேன். முள் விளிம்பைத் தாண்டி வட்டத்துக்கு வெளியே போய்த் தொங்கியது. யாரோ சிரித்தார்கள்.

"அந்தக் கை இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்க கால்ல முள்ளு எடுத்தியே, அந்தக் கையால வை."

கல்யாணமான வருஷம், வாய்க்கால் கரையில் நடந்து அவர் உள்ளங்காலில் கருவேல முள்ளொன்று ஒடிந்து போயிருந்தது. அத்தை பார்க்காத நேரத்தில் புறவாசலில் வைத்து, ஊக்கு முனையால் இடது கையால்தான் அதை எடுத்தேன். வலித்ததா என்று கேட்டதற்கு எடுத்துவிட்டாயா என்று கேட்டார். அதை அவர் நினைவில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

கண்ணாடி வளையல்கள் தட்டின்மேல் விழாதபடி முழங்கைவரை ஏற்றிக்கொண்டேன். பெட்டியின் கை வலது ஓரத்தில் இருந்ததால் என் இடது கையைக் குறுக்கே நீட்டி, உடம்பை ஒருக்களித்து நிற்க வேண்டியிருந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். முள் விளிம்பில் இறங்கியது எனக்கே தெரியவில்லை. நாகஸ்வரக்காரர் மூச்சு இழுத்தார், தோடி வந்தது. கடைக்காரர் தடிக் கையை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார்.

"இதையே கட்டித் தாங்க" என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் அதிகம் பேசவில்லை. தக்கலை தாண்டியபோது எனக்கு அத்தையின் ஞாபகம் வந்தது. இந்தக் கையை வைக்க வீட்டில் என்னைவிட்டால் ஆளில்லை. அத்தை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லண்டன் கை பெட்டிக்குள் படுத்துக் கிடக்கும், அவர் மறுபடி எதையும் கேட்கமாட்டார். கேட்காமலே இருந்து பழகிவிடுவார். அவர் குணம் அது.

அத்தை பூதப்பாண்டியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் சாயங்காலம்தான் வருவாள். அதற்குள் அவர் பழைய கையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். திருகாணிகளை அவர் சொல்லச் சொல்ல நான் முறுக்கினேன். முதல் தட்டைப் போட்டபோது பக்கத்து வீட்டில் நெல் குத்தினார்கள். உலக்கை விழும்போதெல்லாம் முள் துள்ளியது. பழைய திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு ஒன்றைத் தேடி எடுத்து, தேன்மெழுகால் கையின் தலையில் ஒட்டினார். துள்ளல் நின்றது. சர்க்கார் செல்லாது என்று தள்ளிய காசு எங்கள் பெட்டியில் செல்லுபடியாகிறதே என்று சிரித்தேன். அவர் சிரிக்காமல், நான் குறுக்கே வளைந்து முள் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பார்த்தால், பெட்டியின் மூடியைக் கழற்றச் சொல்லி ஒரு ஆசாரியைக் கூட்டி வந்திருக்கிறார். மூடி பின்பக்கம் கீல் போட்டது, நல்ல தேக்கு. "தூசி விழுமே, எதுக்கு நல்ல மூடியைப் பிய்க்கேங்க?" என்று சண்டைக்குப் போனேன். "துணி போட்டு மூடிக்கலாம்" என்றார். கை நல்லதாக வந்தவுடன் மூளை கோணிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே மூடியைப் பரணில் ஏற்றினேன்.

அத்தை வந்தாள். குளித்து, விளக்கேற்றி, பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "புதுக் கை எப்படி, மக்கா?" என்றாள். அவர் தட்டை வட்டத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ வை" என்றார்.

நான் அசையவில்லை. அத்தையும் அசையவில்லை.

"அவ பீச்சாங்கையாலயா வைக்கப் போறா? வெளக்கு எரியுது பாத்துக்கோ" என்றாள்.

அவர் தட்டு, கை எல்லாவற்றோடும் பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்து மேசைமேல் பைய அரைச் சுற்றுத் திருப்பினார். பின்புறம் முன்னால் வந்தது. வலது மூலையில் இருந்த கை என் இடது பக்கத்துக்கு வந்து நின்றது. பழைய மூடி இருந்திருந்தால் இப்போது என் முகத்துக்கு நேரே சுவர் மாதிரி எழுந்து மறைத்திருக்கும். அது எதற்குப் பரணுக்குப் போனது என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. கண் நிறைந்துவிட்டது. முள் வைக்கிற நேரத்தில் கண் நிறையக் கூடாது என்று முந்தானையால் துடைத்தேன்.

"இதென்ன, பெட்டிக்கும் பீச்சாங்கை ஆக்கியாச்சா?" என்றாள் அத்தை.

"பெட்டி அப்படியேதான் இருக்கும்மா. சுத்துறதும் பழையபடிதான்" என்றார் அவர்.

வளையல்களை ஏற்றிக்கொண்டு இடது கையை நீட்டினேன். இப்போது குறுக்கே வளைய வேண்டியிருக்கவில்லை. என் கையும் அந்தக் கையும் ஒரே போக்கில் நீண்டிருந்தன. முள் இறங்கியது. சாமிப் பாட்டு வந்தது. நான் அழித்த அந்த ஒரு வரியில் மட்டும் லேசாகக் கரகரத்துவிட்டு மேலே போயிற்று. அத்தை கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்தது. என்ன சொல்வாளோ என்று நான் முள்ளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

அவர் வழக்கப்படி தோடித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். தட்டை மாற்றியதும், பழக்கத்தில் அவருடைய வலது கை தானாக முள்ளை நோக்கிப் போனது.

"நீ இரு, மக்கா" என்றாள் அத்தை. "அதையும் அவளே வைக்கட்டும். ஒனக்குக் கை நடுங்கும்லா."

அந்த வீட்டில் அந்த வார்த்தையை முதன்முதலாக அன்றைக்குத்தான் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். அவர் கையைப் பின்னால் எடுத்தார். ஒருமுறை அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "நடுங்கத்தான் செய்யுது."

பிறகு அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் தோடியை வைத்தேன்.